பிலிம் கமராவுக்கு எந்த பிளாஷ்: ஒளியை அளக்கவேண்டியது யார்?

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா விட்டுப்போன நிக்கோன், அப்பாவின் அலுமாரியில் உறைக்குள் கிடந்த பென்டாக்ஸ், யாரோ விற்க வைத்திருக்கும் ஒலிம்பஸ் என்று ஏதோ ஒரு வழியில் பழைய பிலிம் கமரா ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் இரண்டு சுருள் எடுத்துப் பழகியவுடன் அடுத்த கேள்வி வருகிறது: "அண்ணா, இதற்கு எந்த பிளாஷ் வாங்குவது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடு, பிறந்தநாள், இரவுத் திருவிழா என்று நெகடிவ் பிலிமில் படம் எடுக்கப்போகும் ஒருவருக்கு, முகப்பில் ஒளியுணரி பொருத்திய பழைய தன்னியக்க பிளாஷ் போதும். பெரும்பாலான நேரங்களில் அதுதான் சிறந்ததும்கூட. வில்லை வழியே வந்த ஒளியைக் கமராவுக்குள்ளேயே அளக்கும் டிடிஎல் முறை அறிவார்ந்தது, அழகானது. ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டிய சந்தர்ப்பங்கள் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

பிளாஷ் வெளிச்சத்தை அளப்பது ஏன் தனிச் சிக்கல் என்றால், அது சாதாரண வெளிச்சத்தைப் போல நம் அளவீட்டுக்காகக் காத்து நிற்பதில்லை. சிறிய பிளாஷ் ஒன்று முழுப் பலத்துடன் எரிந்தாலும் ஏறத்தாழ 1/1000 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கமராவின் வழக்கமான ஒளிமானி ஷட்டர் திறக்குமுன் தன் வேலையை முடித்திருக்கும். அப்போது பிளாஷ் இன்னும் எரியவே இல்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ பிளாஷ் வெளிச்சத்தை மாற்றவும் முடியாது, ஏனெனில் திரை முழுதாகத் திறந்திருக்கும் ஒரு கணத்தில்தான் அது எரிந்து அணைகிறது. தூரம் வேறு விளையாடுகிறது: இரண்டு மீற்றரில் நிற்பவர் நான்கு மீற்றருக்குப் போனால் அவர்மேல் விழும் ஒளி பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும்.

இதற்கு நான்கு தீர்வுகள் வந்தன. மனிதர் கணக்குப் போடுவது, பிளாஷ் அளப்பது, கமரா பிலிமின் மேற்பரப்பைப் பார்த்து அளப்பது, கமரா முன்கூட்டியே ஒரு சிறு மின்னலை அனுப்பிப் பார்ப்பது.

கணக்குப் போடுகிறவர்

ஒவ்வொரு பிளாஷுக்கும் வழிகாட்டி எண் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு, மீற்றரில், அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வில்லையில் வைக்கவேண்டிய துவாரம், அதாவது ஒளி நுழையும் திறப்பின் எஃப் எண், கிடைக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. எண் 28 என்றும் ஆள் ஐந்து மீற்றரில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விடை எஃப் 5.6. ஐஎஸ்ஓ 400 பிலிம் போட்டால் எண் இரட்டிப்பாகும். அவ்வளவுதான் கணிதம்.

இந்த முறையின் பலம், அது எதையும் பார்ப்பதில்லை என்பது. வெள்ளை வேட்டியா, கறுப்புக் கோட்டா, பின்னால் இருட்டா என்று எதுவும் அதற்குத் தெரியாது. தூரம் மட்டுமே தெரியும். அதனால் அந்த நிறங்களால் அது ஏமாறுவதும் இல்லை. குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்திவைத்து எடுக்கும்போது இதைவிட நம்பகமான வழி கிடையாது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி உறவினர் நெருக்கும்போது, தூரம் ஒவ்வொரு படத்துக்கும் மாறும்போது, எண்ணை வகுத்துக்கொண்டிருக்க முடியாது. இந்தக் கணக்கைக் கமராவிடமே விட்ட வடிவமைப்புகளும் இருந்தன: கனோனெட் கியூஎல்17 போன்ற சிறிய கமராக்களில், அதற்கென்று செய்த பிளாஷைப் பூட்டினால், தூரத்தைக் குவிக்கும்போதே துவாரமும் சேர்ந்து மாறிவிடும். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் அந்த வகைக் கமராவோடு அது நின்றுவிட்டது.

பிளாஷே அளக்கும்போது

1960களின் நடுப்பகுதியில் தன்னியக்க பிளாஷ் வந்தது. அதன் முகப்பில் சிறு கண் ஒன்று இருக்கும். பிளாஷின் உள்ளே கொள்ளளவி ஒன்று ஏறத்தாழ 300 வோல்ற் அளவில் மின்னேற்றம் பெற்றுக் காத்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அந்த மின்சாரம் செனோன் வாயு நிரம்பிய குழாய் வழியாகப் பாய்ந்து ஒளியாகிறது. ஒளி ஆளின்மேல் பட்டுத் திரும்பி வரும்போது அந்தக் கண் அதை வாங்கி, இன்னொரு மிகச் சிறிய கொள்ளளவியில் சேர்த்துக்கொண்டே வருகிறது. போதிய அளவு சேர்ந்ததும் குழாய்க்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பால் பொங்கி எழும் கணத்தில் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவதைப் போன்றதுதான், ஆனால் இங்கே கை அசைவது மின்வேகத்தில். ஆள் மிக அருகில் நின்றால் மின்னல் 1/20000 விநாடிக்கும் குறைவான நேரத்தில் அறுக்கப்பட்டுவிடும்.

தொடக்ககாலக் கருவிகள் மின்சாரத்தை உண்மையில் துண்டிக்கவில்லை. மிச்சத்தை இன்னொரு குழாய்க்குள் திருப்பிக் கொட்டி வீணாக்கின. அருகிலிருக்கும் முகத்தைப் படம் எடுத்தாலும் தூரத்திலுள்ள கூட்டத்தை எடுத்தாலும் பற்றரிக்கு ஒரே செலவு. 1970களில் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி ஆளி வந்தபின்தான் பயன்படுத்தாத மின்சாரம் கொள்ளளவியிலேயே தங்கியது. அடுத்த படத்துக்கு உடனே தயாரானது, பற்றரியும் நீடித்தது. 1990களில் வடக்கின் மீதான பொருளாதாரத் தடையில் உலர் பற்றரிகளும் அடங்கியிருந்த ஊர் இது. நான்கு பற்றரியில் எத்தனை படம் எடுக்கலாம் என்பது ஒரு காலத்தில் இங்கே எவ்வளவு பெரிய கேள்வி என்பதை வயதானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த வகையின் முகம் என்றால் விவிட்டார் 283. நான்கு ஏஏ பற்றரி, ஐஎஸ்ஓ 100-க்கு ஏறத்தாழ 36 மீற்றர் வழிகாட்டி எண், மேல்நோக்கித் திருப்பக்கூடிய தலை, கழற்றி எடுக்கக்கூடிய ஒளியுணரி. உணரியில் நிறங்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அது சொல்லும் துவாரத்தை வில்லையில் வைத்துவிட்டால், குறித்த தூரத்துக்குள் யார் முன்னே பின்னே போனாலும் கவலையில்லை. எஃப் 4 என்றால் அந்தத் தூரம் ஒன்பது மீற்றர்வரை. கல்யாண மண்டபத்துக்கு அது தாராளம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு, என் பரிந்துரையின் பாதி இதில்தான் நிற்கிறது. பிளாஷுக்கு உங்கள் வில்லையில் என்ன துவாரம் இருக்கிறது என்று தெரியாது. எஃப் 4 என்று நீங்கள் சொன்னதை அது நம்பிக்கொண்டிருக்கிறது. படம் இருண்டுபோகும் என்று சந்தேகம் வந்தால் வில்லையை எஃப் 2.8-க்குத் திருப்புங்கள். பிளாஷ் அதே அளவு ஒளியையே தரும், பிலிமில் விழுவது ஒரு படி, அதாவது இரு மடங்கு, கூடும். வளையத்தில் ஒரு சிறு திருகல், கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமலே.

குறைகளும் தெளிவானவை. வில்லையின் முன் வடிகட்டி ஒன்றைப் பூட்டினாலோ, மிக அருகில் எடுக்க நீட்சி வளையம் போட்டாலோ பிலிமுக்குப் போகும் ஒளி குறையும். வெளியே இருக்கும் அந்தக் கண்ணுக்கு அது தெரியாது. அரை மீற்றருக்குள் ஒரு பூவையோ நகையையோ எடுக்கும்போது அந்தக் கண்ணும் வில்லையும் பார்ப்பது ஒரே இடத்தையே அல்ல.

பிலிமையே பார்க்கும் கமரா

1975இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 வந்தது. யொஷிஹிஸா மைத்தானியின் குழு செய்த கமரா. அதற்குமுன் எவரும் விற்பனைக்குக் கொண்டுவராத ஒன்றை அது செய்தது: ஷட்டர் திறந்திருக்கும்போதே, பிலிமின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை, ஆடியறையின் அடியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு சிலிக்கன் கலங்களால் அளந்தது. வேகமான ஷட்டரில் பிலிம் முழுதாகத் திறக்கப்படாது என்பதால் முதல் திரையின் மேலேயே வெள்ளைப் புள்ளிக்கோலம் ஒன்றை அச்சிட்டிருந்தார்கள். அது பிலிமைப் போலவே ஒளியைத் தெறிக்கும். பிளாஷ் எரியும்போது அதே கலங்கள் போதிய ஒளி சேர்ந்ததைக் கண்டு, கமராவில் பிளாஷைப் பூட்டும் இடமான ஹொட் ஷூ வழியாக பிளாஷுக்கு நிறுத்து என்று செய்தி அனுப்பும்.

அதன்பின் 1980இல் பென்டாக்ஸ் எல்எக்ஸும் நிக்கோன் எஃப்3யும், 1981இல் மினோல்டா எக்ஸ்-700, 1983இல் நிக்கோன் எஃப்இ2. கனன் மிகத் தாமதமாக, 1986இல் டி90 மூலம் வந்தது. இங்கே அடிக்கடி காணக்கிடைக்கும் கனன் ஏஇ-1 வேறு வகை: 155ஏ போன்ற பிளாஷைப் பூட்டினால் அது ஷட்டரையும் துவாரத்தையும் தானே அமைத்துவிடும். அதைப் பார்த்து டிடிஎல் என்று எண்ணிவிடவேண்டாம். அளக்கும் கண் அங்கும் பிளாஷின் முகப்பில்தான்.

டிடிஎல்லின் தனித்திறமை எங்கே என்றால், வில்லை வழியாக உண்மையில் உள்ளே வந்த ஒளியை அது அளப்பதில். வடிகட்டி, நீட்சி வளையம், பெல்லோஸ், கூரையில் தெறித்து வந்த ஒளி, கமராவிலிருந்து கம்பி போட்டுப் பக்கவாட்டில் வைத்த பிளாஷ் எல்லாமே தானாகக் கணக்கில் சேர்ந்துவிடும். பூச்சி, பூ, பழைய நாணயம், ஓலைச்சுவடி என்று மிக நெருங்கி எடுக்கிறவருக்கு இதற்கு மாற்றே இல்லை. அப்படிப்பட்டவர் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதியைப் படிக்காமல் ஓஎம்-2 ஒன்றைத் தேடப் போகலாம்.

கல்யாண வீட்டில் நிலைமை வேறு. நான் முன்னே சொன்ன துவார வளையத் தந்திரம் டிடிஎல்லில் செல்லாது. ஒரு படி திறந்தால் கமரா அதைக் கண்டுகொண்டு பிளாஷை ஒரு படி சீக்கிரம் நிறுத்திவிடும்; படம் அப்படியே இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டவேண்டுமென்றால் ஐஎஸ்ஓ வட்டையோ திருத்த வட்டையோ திருப்பவேண்டும், அடுத்த படத்துக்குமுன் மறக்காமல் திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். நெருக்கடியில் மறப்பது உறுதி.

பொருத்தமும் ஒரு தலைவலி. ஒரு நிறுவனத்தின் டிடிஎல் பிளாஷ் இன்னொன்றின் கமராவில் டிடிஎல்லாக வேலை செய்யாது. எஃப்3யில் ஹொட் ஷூ பிலிமைச் சுற்றும் குமிழின் மேல் இருக்கிறது. சாதாரண பிளாஷை மாட்ட இணைப்பி வேண்டும், பிலிம் மாற்ற பிளாஷைக் கழற்றவேண்டும். ஓஎம்-2இன் ஷூ தனியாகக் கழலும் துண்டு, அதுவும் பிளாஸ்டிக். வெடித்ததும் தொலைந்ததும் அதிகம். நிக்கோன் எஃப்எம்2வும் எஃப்இ2வும் பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் டிடிஎல் தம்பிக்கு மட்டுமே. விற்பவர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஷூவைப் பாருங்கள்: எஃப்இ2வில் எஃப்எம்2வைவிடக் கூடுதல் தொடுபுள்ளிகள் இருக்கும்.

நான்காவது முறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1995இல் கனன் இஓஎஸ் 50 உடன் வந்த ஈ-டிடிஎல், ஆடி மேலெழுமுன்னே ஒரு சிறு மின்னலை அனுப்பி, அது திரும்புவதைக் காட்சிப்பகுதிகளாகப் பிரித்து அளந்து, உண்மையான மின்னலின் பலத்தைத் தீர்மானிக்கிறது. டிஜிட்டல் கமராக்களும் இவ்வழியிலேயே போயின. முடிவுகள் நல்லவை. முன்மின்னலில் கண் சிமிட்டும் பாட்டிகள் ஒரு பிரச்சினை. பக்கத்தில் ஒளிபட்டால் எரியும் துணை பிளாஷ் வைத்திருந்தால் அது முன்மின்னலுக்கே எரிந்து தீர்ந்துவிடுவது இன்னொன்று. இந்தக் கமராக்கள் 2சிஆர்5 போன்ற தனிவகை லித்தியம் பற்றரி கேட்கும், அது தீர்ந்தால் ஷட்டர்கூட அசையாது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று தேடி வாங்க நான் சொல்லமாட்டேன்.

கூறையும் குத்துவிளக்கும்

பிளாஷின் கண்ணோ கமராவின் கண்ணோ, தன்னியக்கமாக அளக்கும் எதற்கும் ஓர் அடிப்படை நம்பிக்கை உண்டு: உலகம் சராசரியாக நடுச்சாம்பல் நிறம். யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மணமகனின் பட்டு வேட்டி சால்வை, சரிகை நெய்த கூறைச்சேலை, பின்னால் மினுங்கும் மணவறை அலங்காரம், முன்னால் பளபளக்கும் பித்தளைக் குத்துவிளக்கு. இவை எல்லாம் ஒளியை வாரித் திருப்பி அனுப்ப, போதும் என்று கருவி சீக்கிரமே நிறுத்திவிடும். முகங்கள் இருண்டு போகும். குத்துவிளக்கு முன்னணியில் நடுவாக வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அது அருகில் இருக்கிறது, மினுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கம் இரவில் வெளியே. நல்லூரில் தேருக்கு முதல்நாள் மாலை சப்பறம் வரும்போது ஆள்களுக்குப் பின்னால் வெறும் வானம். திரும்பி வரும் ஒளி குறைவு என்று கருவி கடைசித் துளிவரை எரித்துத் தீர்க்கும். முன்னால் நிற்பவர் சுண்ணாம்பு பூசியவர்போல் வெளுப்பார்.

எந்தப் பக்கத் தவறு ஆபத்தானது என்பது பிலிமைப் பொறுத்தது. வண்ண நெகடிவோ, இல்ஃபோர்ட் எச்பி5 போன்ற கறுப்பு வெள்ளை நெகடிவோ, ஒன்றிரண்டு படி கூடுதல் ஒளியைச் சகித்துக்கொள்ளும், குறைவைத்தான் சகிக்காது. ஆகவே சப்பறத்தில் கருவி அதிகம் எரித்தாலும் பெரும்பாலும் அச்சில் சரிசெய்யலாம். மணவறையில் இருண்ட முகத்தில் பதியாத விவரத்தை யாராலும் கொண்டுவர முடியாது. வெள்ளையும் சரிகையும் நிறைந்த காட்சி என்றால் எப்போதும் ஒரு படி திறந்தே எடுங்கள். இப்படி வளையத்தைத் திருப்பிச் சரிசெய்வதை எந்தக் கருவி எளிதாக்குகிறது என்று கேட்டால், பழைய தைரிஸ்டர் பிளாஷ் வெல்கிறது.

ஸ்லைட் பிலிமுக்கு இந்தத் தாராளம் பொருந்தாது. அதில் இரண்டு பக்கமும் வழுக்கும்.

ஓட்டுக் கூரையின் கீழ்

பிளாஷ் தலையை மேலே திருப்பி, கூரையில் ஒளியைத் தெறிக்கவைத்து மென்மையாக்குங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். வெள்ளையடித்த தட்டையான கூரை ஒன்று தலைக்கு மேல் இருக்கிறது என்ற எடுகோளில் எழுதப்பட்ட அறிவுரை அது. நம் நாற்சார் வீட்டில் மேலே பார்த்தால் சிவந்த ஓடும் கறுத்த பனைமரச் சட்டமும். முற்றத்தில் வானமே கூரை. அங்கே தெறிப்பு முறை ஒளியை விழுங்கிவிடும், திரும்பும் கொஞ்சமும் செம்மை பூசி வரும். டிடிஎல் வைத்திருப்பவரின் மேன்மையும் இங்கே பயனற்றுப்போகிறது. பக்கச்சுவர் வெள்ளையாக இருந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இல்லையென்றால் நேரடியாக எடுங்கள்.

புதிய கொங்கிறீற் வீடுகளிலும் மண்டபங்களிலும் தெறிப்பு நன்றாக வேலை செய்யும். தன்னியக்க பிளாஷில் தலை மட்டும் மேலே திரும்பி, கண் ஆளையே நோக்கியிருக்கும் மாதிரியா என்று வாங்குமுன் பாருங்கள். முழுப் பெட்டியும் சேர்ந்து திரும்பினால் அந்தக் கண் கூரையைத்தான் அளக்கும்.

தேர்த்திருவிழா வெயிலில் முகத்து நிழலை நிரப்ப பிளாஷ் போட விரும்புகிறவருக்கு அளவீட்டு முறை இரண்டாம் பட்சம். அங்கே கமராவின் ஒத்திசைவு வேகமே, அதாவது பிளாஷோடு வைக்கக்கூடிய மிக விரைவான ஷட்டர் வேகமே, எல்லை. பென்டாக்ஸ் கே1000, ஓஎம்-2 இரண்டும் 1/60, எஃப்3 1/80, எஃப்இ2 1/250. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 1/60 என்றால் எஃப் 16-ஐயும் தாண்டவேண்டும். ஐஎஸ்ஓ 400 என்றால் பெரும்பாலான வில்லைகளில் அவ்வளவு சிறிய துவாரமே இல்லை. 1/250 இருந்தால் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 10 அளவில் முடிந்துவிடும். பகல் நிரப்பொளி உங்கள் முதன்மைத் தேவையானால் எஃப்இ2வுக்குக் கொடுக்கும் காசு நியாயம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பழைய பிளாஷின் ஹொட் ஷூ முனையில் இருக்கும் மின்னழுத்தம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். முற்கால விவிட்டார் 283 சிலவற்றில் அது 200 வோல்றையும் தாண்டும். முற்றிலும் இயந்திரமான கே1000 அதைப் பொருட்படுத்தாது. மின்னணுக் கமராவையும் டிஜிட்டல் கமராவையும் அது கொன்றுவிடக்கூடும். மல்ரிமீற்றர் வைத்திருக்கும் நண்பரிடம் அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். பிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பற்றரியைக் கழற்றிய பின்னும் உள்ளேயிருக்கும் கொள்ளளவி ஆளைத் தூக்கியெறியும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கும். நீண்டநாள் கிடந்த கொள்ளளவி சோம்பியிருக்கும், பற்றரியைப் போட்டு விளக்கு எரியும்வரை பொறுத்து, சில நிமிடம் விட்டு, பலமுறை எரித்தால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

தன்னியக்கம் உயிருடன் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு மீற்றரில் நின்று எரியுங்கள்: தைரிஸ்டர் வேலை செய்தால் தயார் விளக்கு உடனேயே மீண்டும் எரியும். பிறகு அந்தக் கண்ணை விரலால் மூடிக்கொண்டு எரியுங்கள்: வெளிச்சம் கண்ணைக் கூசும், விளக்கு மீள எரியப் பல விநாடி எடுக்கும். இரண்டிலும் ஒரே நேரம் எடுத்தால் அது வெறும் கைக்கணக்கு பிளாஷ். அதற்கேற்ற விலையே கேளுங்கள்.

டிடிஎல் கமராவை இப்படிச் சோதிக்கும்போது பிலிம் இல்லாமல் எரிக்காதீர்கள். பின்கதவின் கறுப்புத் தகடு ஒளியைத் திருப்பாது. நல்ல கமராவும் பிளாஷை முழுதாக எரித்து, பழுதுபோலத் தோன்றும். பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிர்சாம்பல் தாள் ஒரு துண்டு வெட்டி வைத்து, கதவை மூடி, அதே சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள்.